கலங்கலில் கட்டிய நூல்

ஏகாம்பரநாதர் துணை

பெரிய காஞ்சிபுரம்
12-5-1968

சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு அம்மா காமாட்சி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் மகன் நமச்சிவாயமும் நலம். பிலாயில் வெயில் எப்படி என்று கேட்க நினைத்தேன். இரும்பு உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் வெயிலை என்ன கேட்பது. மோர் குடி.

நமச்சி ஒழுங்காகத் தறியில் உட்காருகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் வீட்டில் தங்குவதில்லை. மோட்டார் சைக்கிள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். கோபப்படாமல் கேள்.

ரங்கசாமி குளத்தண்டை பரமசிவத்தின் ஒர்க்‌ஷாப்பில் இளங்கோவன் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். தென்னேரி காலனி மேரியின் மகன். போன வருஷம் ஏரி வற்றியபோது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகக் கரையைச் சுற்றாமல் ஏரிக்குள்ளேயே குறுக்காக வண்டியை விட்டிருக்கிறான். அந்த ஊர் கோதண்டபாணி, நிலபுலம் உள்ளவன், புது ராஜ்தூத் வண்டி வைத்திருக்கிறான். அவன் இதைப் பார்த்துவிட்டு, "நான் ரோட்டுல வரேன், நீ ஏரியில வா, கலங்கலுக்கு யார் மொதல்ல வர்றதுன்னு பாக்கலாம்பா" என்றானாம். கலங்கல் என்றால் ஏரி நிரம்பித் தண்ணீர் வழிகிற இடம், உனக்குத் தெரியும். வெடித்த மண்ணிலும் கருவேல முள்ளிலும் விழுந்து எழுந்து வந்த இளங்கோவன்தான் முதலில் வந்தான். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தச் சங்கம். இப்போது ஏழு பேர்.

நமச்சிக்கு வண்டி நான் வாங்கித் தரவில்லை, பயப்படாதே. உடைசலில் போட்ட மூன்று வண்டியிலிருந்து ஒன்று சேர்த்து இளங்கோவன்தான் கொடுத்தான். நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவான். சங்கத்துக்கு நோட்டுப் போட்டு எட்டு விதி எழுதியிருக்கிறார்கள். முதல் விதி, முன்விளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏரியில் இறங்க வேண்டும். எட்டாவது விதி, விழுந்தவனைத் தாண்டி யாரும் போகக்கூடாது, நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். அதை இரண்டு தடவை படித்தேன். எழுத்து உன் மகன் எழுத்து, முத்து முத்தாக.

சாப்பாட்டில் கவனம்.
அம்மா


பிலாய்
24-5-1968

அன்புள்ள அம்மாவுக்கு மாணிக்கவாசகம் வணக்கம். கடிதம் கிடைத்தது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் அதை எழுதவே இல்லை. எழுதாவிட்டால் வலி அதிகம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நமச்சி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே இந்திப் பள்ளியில் அவனுக்கு ஒட்டவில்லை என்றுதான் உங்களிடம் விட்டேன். அவன் தாயும் இல்லை. எனக்கு இருப்பது அவன் ஒருவன். ஏரிக்குள் வண்டி ஓட்டுவது என்ன விளையாட்டு? ஆனால் வேண்டாம் என்று எழுதினால் ஒளித்து ஓட்டுவான். ஆகவே ஒன்று செய்யுங்கள். அடுத்த பந்தயத்துக்கு நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் கண் பார்த்துச் சரி என்றால் நானும் சரி என்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
மாணிக்கவாசகம்


ஏகாம்பரநாதர் துணை

பெரிய காஞ்சிபுரம்
31-5-1968

சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம். வாலாஜாபாத் வரையில் பஸ், அங்கிருந்து கோதண்டபாணி கூண்டு வண்டி அனுப்புகிறானாம். நானே போகிறேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மதகிலிருந்து கிளம்பி, நடு ஏரியில் சேறு காயாத இடத்தைச் சுற்றி, கலங்கலில் முடிக்க வேண்டும். கலங்கலண்டை இரண்டு கருவேல மரத்துக்கு நடுவே நூல் கட்டுகிறார்களாம். முதலில் வருகிறவன் அதை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போவானாம். நூல் நம் வீட்டிலிருந்து போகிறது. நேற்று இளங்கோவன் வந்து வாங்கிப் போனான்.

ஜெயிக்கிறவனுக்கு நம் வீட்டுப் பித்தளைச் சொம்பில் சங்கத்தின் பேர் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். அது நம் வீட்டுக்கே திரும்பி வரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு.
அம்மா


சென்னை
14-6-1968

மாணிக்கவாசகத்துக்கு அம்மா எழுதுவது. கோதண்டபாணி கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். ரயில் ஏறியிருந்தால் இந்தக் கடிதம் உனக்குப் பின்னால்தான் வரும். இருந்தாலும் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

நமச்சியின் உயிருக்குப் பயமில்லை என்று மருத்துவமனையில் டாக்டர் சொல்கிறார். கழுத்தில் துளை போட்டு மூச்சு விட வைத்திருக்கிறார்கள். குரல் திரும்பாது என்கிறார்.

நமச்சிதான் முதலில் வந்தான். இருபது கெஜம் முன்னால் வந்தான். நூலுக்குக் கிட்டே வந்ததும் வண்டியின் மேல் எழுந்து நின்றான். நூல் அறவில்லை. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு ஏறிவிட்டது. பின்னால் வந்த ஆறு பேரும் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இளங்கோவன்தான் முதலில் போய்த் தூக்கினான்.

நூலைக் கட்டினது இளங்கோவன்.

வேறு எழுத வரவில்லை. சீக்கிரம் வா.
அம்மா


பிலாய்
9-7-1968

அன்புள்ள அம்மாவுக்கு மாணிக்கவாசகம் வணக்கம். நேற்றுத்தான் வந்து சேர்ந்தேன். லீவு இருந்தால் இன்னும் ஒரு மாதம் நமச்சியின் கட்டிலண்டையே இருந்திருப்பேன். கஞ்சி இறங்குகிறதா? காய்ச்சல் விட்டதா? விவரமாக எழுதுங்கள். நீங்களும் சாப்பிடாமல் இருக்காதீர்கள். அங்கே இருந்த மூன்று வாரத்தில் நீங்கள் என்னிடம் பத்து வார்த்தை பேசவில்லை. உங்கள் துக்கம் எனக்குத் தெரியும்.

ஆனால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. பட்டு நூலை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருக்கிறான் இளங்கோவன். பட்டு அறுமா, அறாதா என்று காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். நமச்சி ஜெயிப்பதைப் பொறுக்காமல் செய்தானோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். பரமசிவத்திடமும் பேசினேன். அன்று சாயங்காலமே அவனை ஒர்க்‌ஷாப்பை விட்டு நிறுத்திவிட்டார். காஞ்சிபுரத்தில் இனி எவனும் அவன் கையில் வண்டியைக் கொடுக்க மாட்டான்.

நூல் கட்டியபோது கலங்கலண்டை இருந்தது நீங்களும் அவனும்தான். நீங்கள் பார்த்ததை உங்கள் கையாலேயே எழுதிப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். இதை மறக்க வேண்டாம்.

மாணிக்கவாசகம்


ஏகாம்பரநாதர் துணை

பெரிய காஞ்சிபுரம்
22-8-1968

சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு அம்மா ஆசீர்வாதம். பதில் எழுத நாளாகிவிட்டது. நமச்சியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். புண் ஆறுகிறது. ரசம் சாதம் குழைத்துக் கொடுத்தால் இறங்குகிறது.

ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எதுவானாலும் அதில் எழுதிக் காட்டுகிறான். முதல் நாள் எழுதியது, "சொம்பு எங்கே?" என்று. எடுத்துக் கொடுத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டான். போன வாரத்திலிருந்து தறியில் உட்காருகிறான். பக்கத்துத் தறிக்காரர் நாடா ஓட்டி நெய்துகொண்டே ஏதாவது கேட்பார். அவன் தலையை ஆட்டுவான். அவர் தறியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பதில் வரவில்லை என்று மறுபடி கேட்பார்.

ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் போகவில்லை. கூட்டம். நல்ல மழை. தென்னேரியில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா


பிலாய்
6-9-1968

அன்புள்ள அம்மாவுக்கு மாணிக்கவாசகம் வணக்கம். நமச்சி சாப்பிடுகிறான் என்று படித்துத் தைரியம் வந்தது. உங்களுக்கு முழங்கால் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. நேரில் பார்த்தவர் எழுதிக் கொடுத்தால்தான் மேலே போக முடியும், இல்லையென்றால் விபத்து என்று மூடிவிடுவோம் என்று ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இளங்கோவனுக்காகப் பரிதாபப்படுகிறீர்களா? அவன் பேசுகிறான், பாடுகிறான். என் மகன் சிலேட்டில் எழுதுகிறான்.

நான்கு வரி போதும் அம்மா. அஞ்சாம் வகுப்பு வரை படித்ததை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் படிப்பு இதற்குத்தான் உதவ வேண்டும்.

மாணிக்கவாசகம்


அரக்கோணம்
2-10-1968

மரியாதைக்குரிய ஆயா அவர்களுக்கு இளங்கோவன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் நமச்சிவாயமும் நலமாக இருக்க வேண்டும். நான் இங்கே ஒரு லாரி ஷெட்டில் டயர் கழற்றுகிற வேலையில் இருக்கிறேன்.

போலீசில் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். நூலை யார் கட்டினது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். அது பொய் இல்லை. வேறு அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்காக நான் எதுவும் கேட்டு எழுதவில்லை. எங்கே போனாலும் ஸ்பேனர் பிடிப்பேன். என் அம்மாவை ஊரில் யாரும் நடவுக்கும் களைக்கும் கூப்பிடுவதில்லை. கோதண்டபாணி வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "புள்ளையக் கொல்லப் பாத்தவனோட ஆத்தா" என்று சொல்கிறார்களாம். அம்மா எனக்கு எழுதவில்லை, அவளுக்கு எழுதத் தெரியாது. பாதிரியார் எழுதினார். அதற்கு மட்டும் உங்களால் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

அன்றைக்கு அவிழ்த்த வெள்ளை நூல் கண்டு என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

நமச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். அவன் உங்கள் கையால் சாப்பிட வேண்டியவன்.

பணிவுடன்
இளங்கோவன்


பெரிய காஞ்சிபுரம்
20-10-1968

மாணிக்கவாசகத்துக்கு உன் அம்மா எழுதுவது. நலம் விசாரித்து எழுத இன்றைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. நீ நான்கு வரி கேட்டாய். அதற்கு மேலேயே வரும்.

மே மாதம் இளங்கோவன் நம் வாசலில் வந்து நின்று கேட்டது பருத்தி நூல். "லேசா இழுத்தா அறுந்துடணும் ஆயா" என்றான். பருத்தி நூல் நம் வீட்டில் ஏது என்று சொல்லி, தறிப் பாவுக்கு வைத்திருந்த, அரக்குச் சாயம் தோய்த்த பட்டு நூலை ஒன்பது இழை சேர்த்து நானே முறுக்கிக் கொடுத்தேன். கரைமேல் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒன்பது இழை. அவன் வாங்கிக்கொண்டு போனான்.

பந்தயத்தன்று நான் கலங்கலண்டை போய் உட்கார்ந்தேன். அவன் மரத்துக்கு மரம் வெள்ளை நூல் கட்டிக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய தையல் நூல்.

"இன்னாடா இது?" என்றேன்.

"நூல் ஆயா."

"துணி தைக்கிற நூலா? எம்பேரன் ஜெயிச்சிக்கினு வர்ற எடத்துல இதையா கட்டுவ? நான் குடுத்தது எங்க?"

"பையில இருக்குது ஆயா. அது அறாது ஆயா. பட்டு."

"பட்டப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

கரைமேல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பது அவர்கள் காதில் விழவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் குனிந்து வெள்ளை நூலை அவிழ்த்துப் பையில் போட்டான். பட்டைக் கட்டினான். தொய்வாகத்தான் கட்டினான். "இழுத்துக் கட்டு, கொடிக்கயிறு மாதிரி தொங்குது" என்று சொன்னதும் நான்தான்.

எட்டு வயதிலிருந்து பட்டு இழைத்தவள் நான். ஒற்றை இழையை அறுக்கவே விரல் எரியும். அந்த ஏரியில் நின்ற அத்தனை பேரிலும் அது அறாது என்று நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த நூல் அழகாக இருந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

மருத்துவமனையில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது சொல்லியிருக்க வேண்டும். "கட்டினது இளங்கோவன்" என்று அதற்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தேன். அது உனக்குப் பின்னால் பிலாய் போய்ச் சேர்ந்தது. அதைத் திருப்பி வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த மாதம் அவன் கடிதம் வந்தது. அவன் அம்மாவுக்கு ஊரில் வேலை இல்லை. அவன் என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை நமச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தறியில் போய் உட்கார்ந்துகொண்டான். மதியம் சாப்பிட வரவில்லை. பொழுது சாய்ந்ததும் சிலேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மேரியம்மாவிடம் சொன்னாயா?" என்று எழுதியிருந்தது. இல்லை என்றேன். சிலேட்டை அழிக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஸ்டேஷனுக்கு நாளைக்குப் போகிறேன். இதேதான் அங்கேயும் எழுதிக் கொடுப்பேன்.

காமாட்சி


பிலாய்
30-1-1969

அம்மாவுக்கு,

என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஸ்டேஷனுக்கு எழுதிவிட்டேன். பரமசிவத்துக்கும் எழுதியிருக்கிறேன். இளங்கோவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். ஏழு தடவை கிழித்துப்போட்டு எட்டாவதை அனுப்பினேன். அவனிடமிருந்து பதில் இல்லை.

உங்களுக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாகத் தெரியவில்லை.

நமச்சிக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். கழுத்து மூடினது.

மாணிக்கவாசகம்


ஏகாம்பரநாதர் துணை

பெரிய காஞ்சிபுரம்
17-6-1969

சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு அம்மா எழுதுவது. நமச்சி நலம். நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, இறங்கும்போது இல்லை.

ஏரி வற்றிவிட்டது. பங்குனியிலேயே பரமசிவம் ஆள் அனுப்பி இளங்கோவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். பஞ்சாயத்தில் பந்தயம் கூடவே கூடாது என்றார்கள். அவனும் கோதண்டபாணியும் நாலு தடவை போய் நின்று, எட்டு விதியையும் படித்துக் காட்டி அனுமதி வாங்கினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி நடந்தது.

மேரி வீட்டுக்கு ஐப்பசியிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாசியில் மறுபடி போனேன். உட்காரச் சொன்னாள். இந்தத் தடவை அவள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு கலங்கலுக்குப் போனேன்.

கரைமேல் போன வருஷம் சிரித்த அதே பெண்கள் இருந்தார்கள். ஊர்க்காரர்களும் இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். வெள்ளை நூல் கண்டைக் கையில் பிடித்துக் காட்டிச் சொன்னேன். அவன் கட்டினது இது, அவிழ்த்துப் பட்டைக் கட்டச் சொன்னவள் நான், இத்தனை மாசமாக நீங்கள் வேலை கொடுக்காமல் வைத்தது தப்பான ஆளை என்று. கோதண்டபாணியின் அம்மா மட்டும் எழுந்து வந்து, மேரிக்குப் பக்கத்தில், நடுவே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"வெய்யில்ல நிக்காத ஆயா, ஒக்காரு" என்றான் இளங்கோவன். அப்போது அவ்வளவுதான் அவன் என்னிடம் பேசியது.

நூலுக்குப் பதில் தரையில் சுண்ணாம்புக் கோடு. சுண்ணாம்பைப் போட்டது இளங்கோவன். நமச்சி வண்டி ஏறவில்லை. கோட்டண்டை நின்று கொடி அசைத்தான். முதலில் வந்தது சின்ன காஞ்சிபுரத்துப் பையன் ஒருவன். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த சொம்பை நமச்சிதான் எடுத்து வந்திருந்தான். அதை அவன் கையால் கொடுத்தான். சொம்பு நம் வீட்டுக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் சங்கத்து நோட்டைக் கொண்டுவந்து நமச்சி என் மடியில் வைத்தான். எட்டு விதிக்குக் கீழே இடம் விட்டிருந்தது. பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தான். நான் எழுதினேன்.

"ஒன்பதாவது விதி. முடிவுக் கோட்டில் எந்த நூலும் கட்டக்கூடாது. 9-6-1968 அன்று பட்டு நூல் கட்டியதால் நமச்சிவாயத்தின் குரல் போயிற்று. வேண்டாம் என்று சொன்னவன் இளங்கோவன். கட்டச் சொன்னவள் காமாட்சியம்மாள்."

கோதண்டபாணி எட்டிப் பார்த்தான். "இன்னா ஆயா, விதியில போய் பேரெல்லாம் எதுக்கு? நாளைக்கு யாரோ படிப்பாங்க. அடிச்சிடலாம்பா" என்றான். நான் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு இளங்கோவனைப் பார்த்தேன். அவன் நோட்டை வாங்கி, கடைசி வரிவரைக்கும் மெதுவாகப் படித்தான்.

"இருக்கட்டும்" என்றான்.

மை காய்ந்ததும் நோட்டை மூடிக் கொடுத்தேன்.

உனக்கு எழுத வரும்போது எழுது. அதுவரை நான் எழுதுகிறேன்.

உன் அம்மா
காமாட்சி